கம்ப்யூட்டர் பீரியட் வேறு, டிஜிட்டல் எழுத்தறிவு வேறு

கல்வி பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இப்போது டிஜிட்டல் எழுத்தறிவு என்ற பேச்சு வந்துவிடுகிறது. அப்படியென்றால் என்ன என்று கொஞ்சம் நெருக்கிக் கேட்டால் ஒருவர் ஹைடெக் லேப் என்பார், இன்னொருவர் ஸ்மார்ட் போர்டு என்பார், வேறொருவர் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைச் சொல்வார், பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடைத் திறந்து காட்டுகிறவர்களும் உண்டு. எல்லாமே நல்ல விஷயங்கள்தான், குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், எல்லாமே பொருட்கள். இதனால் நடப்பது என்னவென்றால், லேப் இல்லாத பள்ளி ‘எங்களால் முடியாது’ என்று கைவிட்டுவிடுகிறது, லேப் இருக்கிற பள்ளி ‘நாங்கள் முடித்துவிட்டோம்’ என்று நினைத்துக்கொள்கிறது.

மவுஸ் பிடிப்பது, தமிழில் டைப் அடிப்பது, ஃபைலைச் சேமிப்பது, மெயில் அனுப்புவது, எக்செல்லில் கூட்டல் போடுவது எல்லாம் கருவியை இயக்கத் தெரிவது. அது தேவை, அது இல்லாமல் இன்று பாதி வேலைகளுக்கு விண்ணப்பமே போட முடியாது. இந்தக் கட்டுரையில் டிஜிட்டல் எழுத்தறிவு என்று நான் சொல்வது அதற்கு அடுத்த படியை: திரையில் ஒன்று வந்து நிற்கும்போது இதை யார் போட்டார், இது எப்படி என் கண்ணில் பட்டது, பதிலுக்கு என்னிடமிருந்து என்ன போகிறது என்று கேட்டு, விடை கண்டுபிடிக்கத் தெரிவது. இதைச் சொல்லிக்கொடுக்க முடியும். பெரும்பாலும் கம்ப்யூட்டர் லேபுக்கு வெளியேதான் சொல்லிக்கொடுக்க முடியும் என்பது என் எண்ணம்.

## பசங்களுக்குத் தெரியாததா?

“இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாம என்ன சொல்லித்தர்றது, அவங்கதான் நமக்குச் சொல்லித்தர்றாங்க” என்று ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் சொல்லாத நாள் கிடையாது. இந்த நம்பிக்கை உலகம் முழுக்க உண்டு. 2001-ல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர் ‘டிஜிட்டல் நேட்டிவ்ஸ்’ என்று இதற்கு ஒரு பெயரையும் வைத்துப் பிரபலமாக்கினார். கணினிக்கு நடுவில் பிறந்த பிள்ளைகளுக்கு அது தாய்மொழி மாதிரி, நாமெல்லாம் பிற்பாடு குடியேறியவர்கள் என்பது அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சோதித்துப் பார்த்தபோது கதை மாறியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு செய்தித்தளத்தின் முகப்பைக் காட்டி எது செய்தி, எது விளம்பரம் என்று நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பணம் வாங்கிப் போட்டது என்று மேலேயே அச்சிட்டிருந்த கட்டுரையைக்கூட 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் உண்மைச் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய 2023-ன் ஏசர் கல்வி ஆய்வில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது, அதை இயக்கவும் தெரிந்திருந்தது. ஆனால் கூகுள் மேப்பில் ஓரிடத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று பார்க்கச் சொன்னால், செய்து காட்டியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சமூக வலைத்தளம் பயன்படுத்தியவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கே பாதுகாப்பு அமைப்புகளைப் பற்றித் தெரிந்திருந்தது. ரீல்ஸ் தள்ளுவதில் அவர்கள் வேகத்துக்கு நாம் ஈடுகொடுக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் மற்றதெல்லாமும் தெரிந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

## வரன் விசாரிக்கிற மாதிரி

வீட்டுக்கு ஒரு வரன் வருகிறது. பையனின் ஜாதகத்தோடு ஒரு பயோடேட்டா. நல்ல வேலை, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, அமைதியான குடும்பம் என்று எழுதியிருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தத் தாளையே உற்று உற்றுப் பார்த்து, எழுத்துப்பிழை இருக்கிறதா, ஃபோட்டோ தெளிவாக இருக்கிறதா, போன் நம்பர் கொடுத்திருக்கிறார்களா என்று ஆராய்ந்து முடிவெடுக்கிறார்களா? இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு ‘அந்த ஊர்ல நமக்குத் தெரிஞ்சவங்க யாரு’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். பையனின் ஆபீசில் ஒருவர், அந்தத் தெருவின் மளிகைக்கடைக்காரர், சித்தப்பாவின் சம்பந்தி வழியில் யாரோ ஒருவர் என்று நாலு பக்கமும் விசாரணை போகும். தரகர் சொன்னதை மட்டும் நம்பிப் பெண் கொடுக்கிற வீடு அபூர்வம்.

இணையத்தில் ஒரு தளத்தை எடைபோட வேண்டியதும் இப்படித்தான். ஆனால் பல ஆண்டுகளாகப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர் எதிரானது. தளத்தின் தோற்றம் நன்றாக இருக்கிறதா, எழுத்துப்பிழை உண்டா, ‘எங்களைப் பற்றி’ பக்கம் இருக்கிறதா, முகவரி, தொண்டு அமைப்புகள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் டாட் ஆர்க் (.org) என்று முடிகிறதா என்று ஒரு பட்டியலைக் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னார்கள். ஏமாற்ற நினைப்பவனுக்கு இந்தப் பட்டியலில் எதுவும் கஷ்டமில்லை. டாட் ஆர்க் முகவரியை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம்.

ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு இளங்கலை மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் குழந்தை மருத்துவம் சம்பந்தப்பட்ட இரண்டு அமைப்புகளின் தளங்களைக் கொடுத்து எது நம்பத்தகுந்தது என்று கேட்டார்கள். ஒன்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பெரிய, பழைய சங்கம். இன்னொன்று அதிலிருந்து 2002-ல் பிரிந்துபோன ஒரு சின்னக் குழு, பெயர் மட்டும் ஏறக்குறைய அதே மாதிரி. மாணவர்களில் பெரும்பாலோர் சின்னக் குழுவின் தளத்தைத்தான் நம்பினார்கள், அறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள், சரிபார்ப்பாளர்கள் அத்தனை பேரும் சரியாகச் சொன்னார்கள்.

வித்தியாசம் புத்திசாலித்தனத்தில் இல்லை, வரலாற்று அறிஞர்களைவிட வேறு யார் ஆவணங்களைக் கவனமாகப் படிக்கப்போகிறார்கள்? அவர்கள் தளத்துக்குள்ளேயே இருந்து மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார்கள். சரிபார்ப்பாளர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, பிரவுசரில் பக்கத்திலேயே புதிய டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இப்படி ஒரு தளத்தை விட்டு வெளியே வந்து மற்ற இடங்களில் அதைப் பற்றி விசாரிப்பதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: தளம் தன்னைப் பற்றித் தானே சொல்வதைப் படிப்பது பயோடேட்டா படிப்பது. டேப் மாறி வெளியே கேட்பதுதான் விசாரிப்பது. பிள்ளைகளுக்கு வேறு எதையும் சொல்லித்தர நேரமில்லை என்றால்கூட இந்த ஒரு பழக்கத்தை மட்டுமாவது சொல்லித்தரலாம்.

## வகுப்பில் இதை எப்படிக் காட்டுவது

கரும்பலகையில் விளக்கம் எழுதிப்போட்டால் இது வராது. செய்து காட்ட வேண்டும், அதுவும் மனசுக்குள் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுபோகின்றன, நாசாவே வியந்துபோனது என்ற செய்தி வராத வாட்ஸ்அப் குழு தமிழ்நாட்டில் உண்டா என்பது சந்தேகம். இதைத் திரையில் போட்டுக்கொண்டு ஆசிரியர் பேச ஆரம்பிக்கிறார்: “எந்தச் செயற்கைக்கோள்னு பேர் போட்டிருக்கா? இல்ல. எந்த வருஷம்? அதுவும் இல்ல. யார் சொன்னாங்கன்னா, நாசா. சரி, நாசா சொல்லியிருந்தா அவங்க தளத்துல இருக்கணும், தேடுவோம்.” தேடினால் வருவதெல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எல்லாவற்றிலும் அதே வாக்கியம், சில இடங்களில் அதே எழுத்துப்பிழைகூட. மூலம் என்று ஒன்று எங்கேயும் தட்டுப்படாது.

அப்புறம் அறிவியல் ஆசிரியர் வந்து மீதியை முடித்துவைக்கலாம். தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. பாதையில் நின்றால் பிறகு தொடர்ந்து போகாது, விழும். ஒரு எச்சரிக்கை: கோயில் வேறு, கோயிலைப் பற்றி நாசா பெயரில் ஓடுகிற வாக்கியம் வேறு என்று வகுப்பின் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாடம் வேறு எங்கோ போய்விடும். எப்படியும் சனிப்பெயர்ச்சிக்குப் போகிற கூட்டம் நாசாவிடம் கேட்டுக்கொண்டு கிளம்புவதில்லை.

இதில் முக்கியமான விஷயம் ஆசிரியர் விடை தெரியாத மாதிரி ஆரம்பிப்பது. உண்மையிலேயே தெரியாமல் ஆரம்பித்தால் இன்னும் நல்லது. தெரியாத ஒன்றைப் பெரியவர் ஒருவர் எப்படித் தேடுகிறார் என்பதைப் பிள்ளைகள் எங்கேயும் பார்ப்பதில்லை, அவர்கள் முன்னால் நாம் எப்போதும் தெரிந்ததை மட்டும்தான் பேசுகிறோம்.

இதற்கு வருடக்கணக்கில் பாடம் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 499 மாணவர்களை வைத்து நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், 50 நிமிட வகுப்புகள் ஆறு நடத்தியதிலேயே, வகுப்பு இல்லாதவர்களைவிடத் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது.

## படம் உண்மை, கதை பொய்

போலி என்றாலே கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிய படம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், இப்போது அதில் ஏஐ படமும் சேர்ந்துகொண்டது. ஆனால் நம் ஊரில் பெரிய சேதம் செய்தவற்றில் பல, எந்த ஜோடனையும் இல்லாத நிஜப் படங்கள்.

2018-ல் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று ஒரு வதந்தி நாடு முழுக்க ஓடியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொல்லப்பட்டார். அந்தச் சமயத்தில் நாடு முழுக்கப் பரவிய வீடியோக்களில் ஒன்று, பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது. அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். அசலில் அவர்களே திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு ஓர் அறிவிப்பு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் செய்த வேலை. அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றப்போவதாக அறிவித்தது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று கிளம்பியதும் இதே வகை. வேறு மாநிலங்களில், வேறு சமயத்தில், வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்களின் வீடியோக்களுக்குத் தமிழ்நாடு என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள். ஊருக்குக் கிளம்பத் தொழிலாளர்கள் ரயில் நிலையங்களில் கூடும் அளவுக்குப் பயம் பரவியது, காவல்துறை இந்தியில் விளக்க வீடியோ போட வேண்டியிருந்தது.

எனவே வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி ‘இது ஒட்டு வேலையா’ என்பதை விட, ‘இது எங்கே, எப்போது எடுத்தது’ என்பது. இதற்கு உதவுவது படத்தை வைத்துத் தேடுதல். அதாவது சொற்களுக்குப் பதில் ஒரு படத்தையே கொடுத்து, அதே மாதிரிப் படம் வேறெங்கே இருக்கிறது என்று கேட்பது. கூகுள் லென்ஸ் இதைத்தான் செய்கிறது. படத்தில் உள்ள வடிவங்களையும் நிறங்களையும் எண்களாக மாற்றி, ஏற்கெனவே தன்னிடம் அப்படி மாற்றி வைத்திருக்கும் கோடிக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. வீடியோ என்றால் நடுவில் நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடலாம்.

இதன் எல்லையையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். வாட்ஸ்அப்புக்குள் மட்டும் சுற்றும் படம் பொது இணையத்தில் இல்லாததால் அகப்படாது, நேற்று எடுத்த படமும் அகப்படாமல் போகலாம். ‘தேடினேன், ஒன்றும் வரவில்லை, அதனால் உண்மைதான்’ என்று பிள்ளைகள் சுலபமாகத் தாவிவிடுவார்கள், அந்த இடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும்.

## தேடினால் முதலில் வருவது ஏன் முதலில் வருகிறது

கூகுளில் தேடும்போது இணையம் முழுக்க அந்த நொடியில் போய்த் தேடிக்கொண்டு வருவதாகப் பலர் நினைக்கிறார்கள், பெரியவர்களும்தான். நடப்பது வேறு. தேடுபொறியின் நிரல்கள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு வழியாகத் தாவித் தாவி, படித்ததையெல்லாம் ஒரு பெரிய அட்டவணையில் சேர்த்து வைத்திருக்கின்றன. நாம் கேட்டதும் அந்த அட்டவணையில் பொருந்துவதை எடுத்து வரிசைப்படுத்துகின்றன. எத்தனை தளங்கள் இதைச் சுட்டுகின்றன, நம் சொற்களோடு எவ்வளவு பொருந்துகிறது, நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று பல கணக்குகள் அதில் உண்டு. உண்மைதானா என்று ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துப் பார்த்து வரிசையில் வைப்பதில்லை. மேலே சில இடங்கள் காசு கொடுத்து வாங்கியவையாகவும் இருக்கலாம், அவற்றின் மேல் ஸ்பான்சர்டு என்று சின்னதாக எழுதியிருக்கும்.

இதை வைத்து ஒரு நல்ல பயிற்சி செய்யலாம். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மூலிகை’ என்றும், இன்னொரு பாதியை ‘சர்க்கரை நோய் மூலிகை ஆய்வு முடிவு’ என்றும் தேடச் சொல்லுங்கள். முதல் கேள்வி விடையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு போகிறது, அதற்கு ஆமாம் போடுகிற பக்கங்கள் அதற்குக் கிடைக்கும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விரிவுரையே தேவையில்லை. அப்படியே அதே கேள்வியை ஆங்கிலத்திலும் தேடச் சொல்லுங்கள். மருத்துவம், அறிவியல் போன்றவற்றில் தமிழில் நம்பகமான பக்கங்கள் இன்னும் குறைவு, அந்த இடத்தை வேறு வகைப் பக்கங்கள் நிரப்பியிருக்கின்றன. தமிழில் மட்டும் தேடுகிற பிள்ளைக்குக் குறைவாகவும் சில சமயம் மோசமாகவும் கிடைக்கிறது என்பது கசப்பான விஷயம்தான், அதற்காக அதை அவர்களிடம் மறைக்க முடியாது.

## எனக்கு மட்டும் ஏன் இந்த வீடியோ

தேடிப் போவது குறைந்து, தானாக வந்து விழுவதைப் பார்ப்பதுதான் இப்போது அதிகம். யூடியூப், இன்ஸ்டாகிராம் போன்றவை அடுத்து எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கப் பயன்படுத்தும் கணக்கு முறைக்குப் பரிந்துரை அல்காரிதம் என்று பெயர். நாம் எதில் எவ்வளவு நேரம் நின்றோம், எதைத் தள்ளிவிட்டோம், எதைத் திரும்பப் பார்த்தோம் என்பதையெல்லாம் அது குறித்துக்கொள்கிறது, நம்மைப் போலவே பார்க்கிற மற்றவர்கள் அடுத்து எதைப் பார்த்தார்கள் என்றும் பார்க்கிறது. 2012-ல் யூடியூப், எத்தனை முறை கிளிக் ஆனது என்பதை விட்டு, எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு முன்னுரிமை கொடுக்க ஆரம்பித்தது. நம்மை உட்காரவைப்பதுதான் அதன் குறிக்கோள், ஏனென்றால் நாம் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் விளம்பரம் ஓடும்.

‘லைக் போட்டால்தான் அதற்குத் தெரியும்’ என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கோபப்பட்டுப் பார்த்தாலும் பார்த்த நேரம் பார்த்த நேரம்தான். விரும்பியவர்கள் வீட்டில் பார்த்த முதல் பத்து வீடியோவின் தலைப்புகளைத் தாளில் எழுதி வந்து ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கட்டாயப்படுத்த வேண்டாம், அது அவர்களுடைய சொந்த விஷயம். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில், ஒரே வைஃபையில், இரண்டு வேறு உலகம் பார்க்கிறார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

## ரிசல்ட் நாளும் பூட்டுப் படமும்

பாதுகாப்பு பற்றி எழுத ஆரம்பித்தால் முடிவே இருக்காது. இரண்டே விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, முகவரியைப் படிக்கும் விதம். பிளஸ் டூ ரிசல்ட் நாளில் டிஎன்ரிசல்ட்ஸ் டாட் நிக் டாட் இன் என்ற முகவரியை நாடே திறக்கிறது. ஒரு தளத்தின் உரிமையாளர் யார் என்று பார்க்க, தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசியில் ‘டாட் நிக் டாட் இன்’ என்று முடிந்தால் அது மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையத்துடையது. அதற்குப் பின்னாலும் ஒரு புள்ளி வைத்து வேறு ஏதோ பெயரும் டாட் காமும் தொடர்ந்தால், முன்னால் எத்தனை அழகாக டிஎன்ரிசல்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும் அது அந்த ‘வேறு ஏதோ’வுக்குச் சொந்தம். நம் கண் இடமிருந்து வலமாகப் போய் முதல் சொல்லிலேயே திருப்தியாகிவிடுவதுதான் ஏமாற்றுகிறவர்களுக்கு முதலீடு.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் நம்பலாம் என்று இன்னும் சில பயிற்சிகளில் சொல்கிறார்கள். அதை நிறுத்திவிடலாம். நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி தகவல் மறைகுறியாக்கப்படுகிறது என்பதுதான் பூட்டின் பொருள். தளத்தை நடத்துகிறவன் யோக்கியன் என்று அது சொல்வதில்லை, திருடனும் பூட்டுப் போட்ட தளம் நடத்தலாம். கூகுள் 2021-ல் நடத்திய ஆய்வில் பூட்டின் சரியான பொருளைப் புரிந்துவைத்திருந்தவர்கள் 11 சதவீதம்தான். 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசரிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறு படம் வைத்தார்கள்.

இரண்டாவது விஷயம் ஒரே வரி: யூபிஐ-யில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. பணம் தருவதாகச் சொல்லி பின் நம்பர் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகப்போகிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்து நோட்டின் பின் அட்டையில் எழுதிக்கொள்ளச் சொல்லலாம்.

## ஏஐ-யிடம் கேட்டால்

சாட்ஜிபிடி போன்றவை ஒரு பெரிய புத்தக அலமாரியிலிருந்து விடையைத் தேடி எடுத்துத் தருவதாகப் பிள்ளைகள் நம்புகிறார்கள். அடிப்படையில் அவை மொழி மாதிரிகள்: ஏராளமான எழுத்துகளைப் பார்த்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு வாக்கியம் அமைப்பவை. சிலவற்றில் இணையத்தில் தேடும் வசதியும் சேர்ந்திருக்கிறது, அப்போதும் வாக்கியம் அமைவது இப்படித்தான். அதனால் தெரிந்ததையும் தெரியாததையும் அது ஒரே மாதிரி சரளத்தோடு, கொஞ்சமும் தயங்காமல் சொல்லும்.

இதைத் தடைசெய்வதால் பயனில்லை. பிள்ளைகளுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். தங்கள் ஊர் ஏரி, ஊர்த் திருவிழா, பள்ளி தொடங்கிய கதை, கபடியில் ஜெயித்த உள்ளூர் அணி. பதிலை அச்செடுத்து, சரியான வரிக்குப் பச்சை, தப்பான வரிக்குச் சிவப்பு, யாரைக் கேட்டால் தெரியும் என்று இருப்பவற்றுக்கு நீலம். நீலக் கோடு போட்ட வரிகளுக்காக அவர்கள் ஊர்ப் பெரியவர்களிடமும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் போய்க் கேட்டுவிட்டு வருவதுதான் இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

## தனிப் பாடம் தேவையா?

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 2017-ல் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியபோது (இங்கேயும் ஓடியது, நினைவிருக்கும்) பெற்றோர் பயந்துபோனார்கள். அடுத்த ஆண்டு கண்ணூர் மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலி ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டறியும் வகுப்புகளைத் தொடங்கினார். 2022-ல் அதே பெயரில், பள்ளிகளின் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் அரசு நிறுவனமான கைட், 19.72 லட்சம் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது.

பின்லாந்து இன்னொரு வழியில் போனது. 2016-ல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய பாடத்திட்டத்தில் இது எல்லாப் பாடத்திலும் கலந்தே வருகிறது. கணக்கு வகுப்பில் புள்ளிவிவரம் எப்படி ஏமாற்றும் என்று பார்க்கிறார்கள், ஓவிய வகுப்பில் படத்தின் பொருளை எப்படி மாற்றலாம் என்று, வரலாற்றில் பிரசாரங்களை எடுத்துப் பிரிக்கிறார்கள். நம் பீரியட் அட்டவணையில் புதிதாக ஒன்றைச் செருக இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே இந்த வழிதான் நமக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

கணக்கில் 48, 52 என்று இரண்டு எண்களுக்குப் பட்டை வரைபடம் வரையச் சொல்லுங்கள், ஒருமுறை அச்சு 0-விலிருந்து, ஒருமுறை 45-லிருந்து. இரண்டாவதில் 52-ன் பட்டை 48-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரமாக நிற்கும். தேர்தல் நேரத்து வரைபடங்களை அதன் பிறகு அவர்கள் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். தமிழ் வகுப்புக்கு இன்னும் வசதி, இணையமே வேண்டாம். திருவள்ளுவர் சொன்னார் என்று ஒரு வரி வந்தால் எந்த அதிகாரம், எத்தனையாவது குறள் என்று கேட்டால் போதும், 1330-ல் இருக்கிறதா இல்லையா என்று நூலகப் புத்தகத்திலேயே பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்துப் பழகிய பிறகு, அப்துல் கலாம் சொன்னதாகத் தினமும் காலையில் வரும் வரிகளுக்கு எந்த நூல், எந்த உரை என்று கேட்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் அந்தரத்தில் தொங்கும்.

## எல்லாமே பொய் என்று சொல்லும் பிள்ளை

இந்த வகுப்புகள் சரியாக நடக்காவிட்டால் வரும் பக்க விளைவு ஒன்று உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பொய்ச் செய்திகளையே வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தால் பிள்ளை கடைசியில் ‘நெட்ல எல்லாமே டுபாக்கூர் சார்’ என்று முடிவுக்கு வந்துவிடுவான். கேட்க விவரமானவன் மாதிரி இருக்கும். ஆனால் எதையும் நம்பாதவனும் எல்லாவற்றையும் நம்புகிறவனும் விசாரிக்காமல் இருப்பதில் ஒன்றுதான், இரண்டு பேருக்கும் வேலை மிச்சம். அதனால் காட்டும் உதாரணங்களில் பாதி, பார்க்கச் சந்தேகமாக இருந்து விசாரித்தால் உண்மை என்று தெரியவருபவையாக இருக்கட்டும்.

இன்னொன்று வீட்டுப் பிரச்சினை. வகுப்பில் கற்றதை வைத்துக்கொண்டு பிள்ளை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பாவை எல்லோர் முன்னாலும் திருத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தனியாக மெசேஜ் அனுப்பு, ‘பெரியப்பா, இது உங்களுக்கு எங்கேயிருந்து வந்துச்சு’ என்று கேள்வியாகக் கேள், சரியான தகவலின் இணைப்பை மட்டும் அனுப்பு என்று இதையும் வகுப்பில் நடித்துப் பார்த்துப் பழகவைக்கலாம். நடிக்கச் சொன்னால் பெரியப்பா வேஷத்துக்குத்தான் போட்டி அதிகமாக இருக்கும்.

## தேர்வு வைத்தால்

‘டிஜிட்டல் எழுத்தறிவு என்றால் என்ன? அதன் பயன்கள் ஐந்தினை எழுதுக’ என்று கேட்டுவிட்டால் இவ்வளவும் வீண், நோட்ஸ் அடித்து மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதற்குப் பதில் ஒரு ஃபார்வர்டு தகவலையோ தளத்தின் முதல் பக்கத்தையோ அச்சிட்டுக் கொடுத்து, இதைச் சரிபார்க்க முதலில் எந்த நான்கு சொற்களைத் தேடுவாய், ஏன் அந்தச் சொற்கள், எந்த மாதிரித் தகவல் கிடைத்தால் உன் முடிவை மாற்றிக்கொள்வாய் என்று கேட்கலாம். கம்ப்யூட்டர் இல்லாத பள்ளியிலும் இந்தக் கேள்வித்தாளை வைக்க முடியும். திருத்துவது மட்டும் கொஞ்சம் சிரமம், ஒரே விடைக்குறிப்பு கிடையாது, நாற்பது பேர் இருபது வழியில் போயிருப்பார்கள். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளை எழுதிய அந்த நான்கு சொற்களை அப்படியே தட்டிப் பார்த்து, வழி திறக்கிறதா என்று பார்த்து மார்க் போடுங்கள்.